ஓசி கார்டும் பழைய பாஸ்போர்ட்டும்

"அவங்களுக்கு டூயல் சிட்டிசன்ஷிப்புங்க."

சிதம்பரம், கடலூர் பக்கம் எந்தக் கல்யாண மண்டபத்துல பந்தியில உட்கார்ந்தாலும் இந்த வாக்கியம் காதுல விழாம எந்திரிக்க முடியாது. வடைக்கும் பாயசத்துக்கும் நடுவுல யாராவது ஒரு பெரியவர், பக்கத்து இலைக்காரர்கிட்ட அமெரிக்காவுல இருக்குற தன் பொண்ணப் பத்தி சொல்லிட்டு இருப்பார். கேக்குறவரும் "அப்போ அங்கயும் ஓட்டு, இங்கயும் ஓட்டு"ன்னு பெருமையா தலையாட்டுவார்.

இங்க ஓட்டு கிடையாது. மேட்டரே அதுதான்.

வயசு வந்த யாருக்கும் இரட்டைக் குடியுரிமைன்னு ஒண்ணு இந்தியச் சட்டத்துல இல்ல. அரசியல் சாசனத்தோட 9-வது பிரிவும் சரி, 1955-ம் வருச குடியுரிமைச் சட்டத்தோட 9-வது பிரிவும் சரி (ரெண்டுக்கும் ஒரே நம்பர், ஞாபகம் வெச்சுக்க வசதி), சொல்றது ஒண்ணே ஒண்ணுதான். விருப்பப்பட்டு வேற நாட்டுக் குடியுரிமை வாங்கினா இந்தியக் குடியுரிமை போயிடும். யாரும் லெட்டர் போட்டு ரத்து பண்ண வேண்டியதில்ல. அங்க சத்தியப் பிரமாணம் எடுத்த அந்த நிமிசமே இங்க கணக்கு முடிஞ்சுது.

அப்போ அந்தப் பெரியவரோட பொண்ணுகிட்ட இருக்குறது என்ன? ஓசிஐ கார்டு.

எங்க வீட்டுல அதுக்கு 'ஓசி கார்டு'ன்னு பேரு. சிதம்பரத்துல இருந்த எங்க பெரியப்பா வெச்சது. அக்கா அத முதல் தடவ காட்டினப்போ, "ஓசி கார்டா? அப்போ பஸ்ஸுல டிக்கெட் எடுக்க வேணாமா?"ன்னு கேட்டாராம். இன்னிக்கு அமெரிக்காவுல புதுசா ஓசிஐ எடுக்கணும்னா 275 டாலர். அந்தக் கணக்குல பாத்தா உலகத்துலயே காஸ்ட்லியான ஓசி இதுதான் :-)

இந்தப் பதிவு அந்தக் கார்டப் பத்தியும், ஏர்போர்ட் கவுண்டர்ல அது படுற பாட்டப் பத்தியும். கொஞ்சம் நீளம். பொறுத்துக்கோங்க மக்களே.

சொன்னது ஒண்ணு, கைக்கு வந்தது ஒண்ணு

இந்தக் குழப்பத்துக்கு நம்ம மக்கள மட்டும் குத்தம் சொல்ல முடியாது. வெளிநாட்டு இந்தியர்களப் பத்தி ஆராய எல்.எம்.சிங்வி தலைமையில ஒரு உயர்மட்டக் குழு போட்டாங்க. அது 2002 ஜனவரியில அறிக்கை குடுத்துச்சு. இரட்டைக் குடியுரிமை குடுக்கலாம்ன்னு அதுல பரிந்துரை இருந்துச்சு. அடுத்த வருசம், 2003 ஜனவரி 9, முதல் பிரவாசி பாரதிய திவஸ் விழாவுல பிரதமர் வாஜ்பாய் அறிவிச்சாரு. பேப்பர்ல எல்லாம் இரட்டைக் குடியுரிமைன்னே தலைப்பு.

சட்டமா வந்தப்போ சரக்கு வேற. முதல்ல 16 நாடுகளுக்கு மட்டும்னாங்க. 2005-ல திருத்தி, பாகிஸ்தான், பங்களாதேஷ் தவிர மத்த நாடுகளுக்கும் திறந்துவிட்டாங்க. 2006 ஜனவரியில ஹைதராபாத்ல நடந்த விழாவுல கார்டு குடுக்க ஆரம்பிச்சாங்க. உள்ள என்ன இருக்குன்னு பாத்தா, ஆயுசுக்கும் செல்லுபடியாகுற விசா. ஓட்டு கிடையாது. தேர்தல்ல நிக்க முடியாது. பொதுவா அரசாங்க வேலை கிடையாது. விவசாய நிலம் வாங்க முடியாது (அப்பா அம்மாகிட்ட இருந்து வாரிசா வந்தா வெச்சுக்கலாம்).

ஆனா பேருல மட்டும் 'சிட்டிசன்' இருந்துச்சு. 2015-ல ஒரு திருத்தம் பண்ணி அந்தப் பேருக்குப் பின்னாடி 'கார்டு ஹோல்டர்'ன்னு சேர்த்துட்டாங்க. குடிமகன் இல்லப்பா, கார்டு வெச்சிருக்குறவன், அவ்ளோதான். சட்டம் திருந்திக்கிச்சு. கல்யாணப் பந்திக்கு அந்தச் சேதி இன்னும் வந்து சேரல.

பேருல என்ன இருக்குன்னு கேக்கலாம். டூர் வந்து போறவங்களுக்கு ஒண்ணும் இல்லதான். அவசரத்துல கெளம்புறவங்களுக்கு நெறைய இருக்கு.

2019 டிசம்பர்

பெரியப்பாவுக்கு ஒரே பொண்ணு, அக்கா. எனக்கும் அவங்களுக்கும் கிட்டத்தட்ட இருபது வயசு வித்தியாசம். நான் தவழ்ந்துட்டு இருக்கும்போதே அமெரிக்கா போயிட்டாங்க. 2009-ல அங்க குடியுரிமை. 2010-ல ஓசிஐ. அந்தக் காலத்து ஓசிஐ எப்படின்னா, பாஸ்போர்ட் மாதிரியே ஒரு சின்ன புத்தகம் குடுப்பாங்க. அது போக, அமெரிக்க பாஸ்போர்ட் உள்ள 'யூ விசா'ன்னு ஒரு ஸ்டிக்கர் ஒட்டுவாங்க. புத்தகத்துல அந்த பாஸ்போர்ட் நம்பர் அச்சாகியிருக்கும்.

அமெரிக்க பாஸ்போர்ட்டுக்கு பத்து வருச ஆயுசு. 2019-ல அக்கா புதுசு எடுத்தாங்க. புது நம்பர். ஸ்டிக்கர் இருக்குறது பழசுல. ஓசிஐ புத்தகத்துல இருக்குறதும் பழைய நம்பர்.

அந்த வருச டிசம்பர்ல ஒரு வியாழக்கிழமை ராத்திரி பெரியப்பா பாத்ரூம் போகும்போது விழுந்துட்டாரு. ஸ்ட்ரோக். ஆஸ்பத்திரியில சேர்த்தோம். "பொண்ண வரச் சொல்லிடுங்க"ன்னு டாக்டர் சொன்ன தொனியிலயே எங்களுக்குப் புரிஞ்சிடுச்சு. அக்காவுக்கு போன் போட்டேன். வெள்ளிக்கிழமை சாயந்திரம் அவங்க ஊர்ல இருந்து ரெண்டரை மணி நேரம் கார்ல ஏர்போர்ட் போயிட்டாங்க. புது பாஸ்போர்ட், ஓசிஐ புத்தகம், நாலு புடவை.

செக்-இன் கவுண்டர்ல இருந்த பொண்ணு ரெண்டையும் வாங்கிப் பாத்துட்டு, "இதுல இருக்குற நம்பர் வேறயா இருக்கே, பழைய பாஸ்போர்ட் எங்க?"ன்னு கேட்டிருக்கு.

பழசு பேங்க் லாக்கர்ல இருக்கு. பேங்க் மூடியாச்சு.

அக்கா எவ்வளவோ சொல்லிப் பாத்திருக்காங்க. அப்பா சாகக் கெடக்குறாருன்னு சொல்லியிருக்காங்க. சூப்பர்வைசர் வந்தாரு. அவரும் ஸ்க்ரீனப் பாத்துட்டு அதையேதான் சொன்னாரு. பழைய பாஸ்போர்ட் இல்லாம ஏத்தினா எங்களுக்கு அபராதம், உங்களையும் அங்க இருந்து திருப்பி அனுப்பிடுவாங்கன்னுட்டாரு. விமானம் போயிடுச்சு.

சனிக்கிழமை காலையில பேங்க் திறந்ததும் மாமா போயி எடுத்துட்டு வந்து, அன்னிக்கு ராத்திரி விமானத்துல அக்கா ஏறினாங்க. அதுக்குள்ள இங்க சனிக்கிழமை மத்தியானமே பெரியப்பா போயிட்டாரு. ஃப்ரீசர் பாக்ஸ் வெச்சோம். "சனிப்பொணம் தனிப்போகாது"ன்னு தெருப் பெரியவங்க ஒரு பக்கம் முணுமுணுத்தாங்க. பெரியம்மா பச்சத்தண்ணி குடிக்கல. முதல் விமானத்துல ஏறியிருந்தா அக்கா ஞாயித்துக்கிழமை விடிகாலை சென்னையில எறங்கி, மத்தியானத்துக்குள்ள சிதம்பரம் வந்திருப்பாங்க. திங்கக்கிழமை வரைக்கும் வெச்சிருக்கக் கூடாதுன்னு பங்காளிங்க முடிவு பண்ணிட்டாங்க. ஞாயித்துக்கிழமை சாயந்திரம் எடுத்தாச்சு.

பெரியப்பாவுக்கு ஆம்பள புள்ள இல்ல. தம்பி மகன்ங்கிற முறையில கொள்ளி வெச்சது நான். அப்போ காலேஜ் ஃபைனல் இயர். தோள்ல பானைய வெச்சுக்கிட்டு சுத்தி வரும்போது, கனெக்‌ஷன் விமானத்துக்காக எங்கயோ ஒரு ஏர்போர்ட்ல உக்காந்துட்டு வீடியோ கால்ல அக்கா பாத்துட்டு இருந்தாங்க. போன புடிச்சிருந்த பையனுக்கு கை நடுங்கினதுல பாதி நேரம் அவங்களுக்குத் தெரிஞ்சது தென்ன மரம் மட்டும்தான்.

திங்கக்கிழமை பால் தெளிக்கத்தான் வந்து சேர்ந்தாங்க.

ஃபாரின் கீ

அந்தக் கவுண்டர் பொண்ணு மேல எனக்கு ரொம்ப நாள் கோவம் இருந்துச்சு. அக்காவுக்கு இல்ல. "அது என்னடா தம்பி பண்ணும், ஸ்க்ரீன்ல வந்தத சொல்லுச்சு"ன்னாங்க. அப்புறம் நான் பொட்டி தட்டுற வேலைக்கு வந்ததும், அந்த ஸ்க்ரீன்ல என்னதான் வருதுன்னு தேடிப் பாத்தேன்.

நம்மளோட பயணம் முடியுற நாட்டு இமிக்ரேஷன் ஆபீசர்தான் நம்மள உள்ள விடுறதா வேணாமான்னு முடிவு பண்றார்ன்னு நாம நெனச்சுட்டு இருக்கோம். பாதி உண்மைதான். முதல் முடிவ எடுக்குறது, கெளம்புற ஊர்ல விமான கம்பெனிக்கு வேலை பாக்குற ஒரு ஆள். சரியான பேப்பர் இல்லாத ஆள ஏத்திட்டு வந்தா, அந்த கம்பெனிதான் அவர திருப்பி கூட்டிட்டுப் போகணும். மேல அபராதம் வேற. இந்தியாவுல இதுக்குன்னே 2000-ல ஒரு சட்டம் போட்டாங்க, ஒரு பயணிக்கு ஒரு லட்ச ரூபா. அந்தச் சட்டம் 2025-ல வந்த குடியேற்ற, வெளிநாட்டவர் சட்டத்துக்குள்ள போயிடுச்சு. ஆனா விமான கம்பெனியோட பொறுப்பு அப்படியேதான் இருக்கு.

எந்த நாட்டுக்கு எந்த பாஸ்போர்ட்காரனுக்கு என்ன பேப்பர் வேணும்னு பாக்க, ஐயாட்டா (உலக விமான கம்பெனிகளோட சங்கம்) 'டைமாட்டிக்'ன்னு ஒரு டேட்டாபேஸ் வெச்சிருக்கு. கவுண்டர்ல இருக்குறவங்க நம்பி இருக்குறது அதைத்தான். அதுல என்ன எழுதியிருக்கோ அதுதான் வேதவாக்கு. உங்க அப்பா பேரு, பொறந்த தெரு, குலதெய்வம் எதுக்கும் அதுல காலம் கிடையாது.

நம்ம ஆளுங்களுக்கு சொன்னா சட்டுன்னு புரியும். இந்த சிஸ்டத்துல மனுசன் ஒரு ரெக்கார்டு இல்ல. பாஸ்போர்ட் நம்பர்தான் ப்ரைமரி கீ. ஓசிஐங்கறது அந்த நம்பரப் புடிச்சு தொங்கிட்டு இருக்குற ஒரு டேபிள். பாஸ்போர்ட் மாறினா கீ மாறிடுது, தொங்குற டேபிள்ல பழைய கீயே நிக்குது. ஒரே ஆள்தான்னு ரெண்டு வரியையும் இணைச்சுக் காட்ட இருந்த ஒரே ஆதாரம் அந்த செல்லாத பழைய பாஸ்போர்ட். ஃபாரின் கீன்னு காலேஜ்ல சொல்லிக் குடுத்தப்போ அதுக்கு இப்படி ஒரு அர்த்தம் வரும்னு யாருக்குத் தெரியும்.

பழைய பாஸ்போர்ட்ட கூடவே கொண்டு வரணும்ங்கறது ஆரம்பத்துல இருந்தே இருந்த விதிதான். பல வருசம் யாரும் கண்டுக்கல. 2019 கடைசியில கறாரா பாக்க ஆரம்பிச்சாங்க, நெறைய பேரு ஏர்போர்ட்ல மாட்டினாங்க. கூச்சல் கெளம்பினதும் அரசாங்கம் சில தளர்வு குடுத்து, கெடுவ தள்ளித் தள்ளி வெச்சுது. கடைசியா 2021 மார்ச்ல பழைய பாஸ்போர்ட் எடுத்துட்டு வரத் தேவையே இல்லன்னு சொல்லிட்டாங்க. ஏப்ரல்ல இன்னொரு அறிவிப்பு. அதுவரைக்கும் 20 வயசுக்குள்ள ஒவ்வொரு தடவ பாஸ்போர்ட் மாத்தும்போதும், 50-க்கு மேல ஒரு தடவையும் கார்ட புதுசா எடுக்கணும். அத எடுத்துட்டு, 20 வயசுக்கு அப்புறம் புது பாஸ்போர்ட் வாங்கும்போது ஒரே ஒரு தடவ மாத்தினா போதும், மத்தபடி புது பாஸ்போர்ட்டையும் போட்டோவையும் ஆன்லைன்ல ஏத்தினா சரின்னு ஆச்சு.

ஆக, பெரியப்பா போயி பதினஞ்சு மாசத்துல அந்த விதியே போயிடுச்சு. இத சொன்னப்போ அக்கா ஒண்ணும் பேசல. கொஞ்ச நேரம் கழிச்சு "சரி, இனிமே வர்றவங்களுக்காவது ஆகுமே"ன்னாங்க.

அப்பா அம்மா ஏறலாம், கொழந்த ஏறக்கூடாது

நடுவுல கொரோனா வந்துச்சு. ஓசிஐ ஒரு விசாதான்ங்கறது மொத்த உலகத்துக்கும் அப்போ புரிஞ்சுது. 2020 மார்ச் 11-ம் தேதி எல்லா விசாக்களையும் நிறுத்தி வெச்சப்போ, ஓசிஐ வெச்சிருக்குறவங்களோட விசா இல்லாப் பயணத்தையும் சேர்த்தே நிறுத்திட்டாங்க. குடிமகன்னா உள்ள விட்டே ஆகணும். கார்டு ஹோல்டருக்கு அந்தக் கட்டாயம் இல்ல.

மே மாசம் வந்தே பாரத் விமானங்கள் கெளம்புச்சு. அப்போ நடந்தது நம்ம ஃபீல்டுல இருக்குறவங்களுக்கு நல்லா ஞாபகம் இருக்கும். எச்1பி விசாவுல இருந்து வேலை போன குடும்பங்கள். அப்பா, அம்மா இந்திய பாஸ்போர்ட், அதனால ஏறலாம். ரெண்டு வயசுக் கொழந்த அங்க பொறந்ததால அமெரிக்க பாஸ்போர்ட், கூட ஓசிஐ. கொழந்த ஏறக்கூடாது! பெத்தவங்க கொழந்தைய கவுண்டர்ல விட்டுட்டா வர முடியும்? டிக்கெட்டோட ஏர்போர்ட் வரைக்கும் போயி திரும்பி வந்தாங்க.

மே 22-ம் தேதிதான் உள்துறை சில பேருக்கு வழி விட்டுச்சு. இந்தியப் பெற்றோருக்கு வெளிநாட்டுல பொறந்த ஓசிஐ கொழந்தைங்க, குடும்பத்துல சாவு மாதிரி அவசரம் உள்ளவங்க, கணவன் மனைவியில ஒருத்தர் இந்தியரா இருக்குறவங்க, பெத்தவங்க இந்தியாவுல இருக்குற மாணவர்கள். மத்த ஓசிஐக்காரங்கள்ல பலபேர் அக்டோபர் வரைக்கும் காத்துட்டு இருந்தாங்க.

நம்ம சட்டத்துல இரட்டைக் குடியுரிமைக்கு ஒரு சின்ன சந்து இருக்குன்னா அது கொழந்தைங்களுக்குத்தான். வெளிநாட்டுல பொறந்த கொழந்தைய ஒரு வருசத்துக்குள்ள இந்தியத் தூதரகத்துல பதிஞ்சா அது இந்தியக் குடிமகன். ஆனா கொழந்தைகிட்ட வேற நாட்டு பாஸ்போர்ட் இல்லன்னு பெத்தவங்க உறுதிமொழி குடுக்கணும். பொறந்த நாட்டுச் சட்டப்படி அந்தக் குடியுரிமையும் இருக்கலாம், பாஸ்போர்ட் மட்டும் ஒண்ணுதான். 18 வயசு முடிஞ்சு ஆறு மாசத்துக்குள்ள அந்தப் பக்கத்துக் குடியுரிமைய விட்டாத்தான் இந்தக் குடியுரிமை நிக்கும்.

இதுல ஒரு சிக்கல் என்னன்னா, அமெரிக்கக் குடிமக்கள் அமெரிக்காவுக்குள்ள வரவும் வெளிய போகவும் அமெரிக்க பாஸ்போர்ட்தான் வெச்சிருக்கணும்னு அந்த ஊர்ச் சட்டம். ரெண்டு நாட்டுச் சட்டமும் தனித்தனியா படிச்சா நியாயமாத்தான் இருக்கு. சேர்த்து வெச்சு ஒரு கைக்கொழந்தைய தூக்கிட்டு கவுண்டர்ல நின்னா தலை சுத்தும்.

முள்ளோடைக்கு அந்தப் பக்கம்

இதெல்லாம் ஐடி காலத்துத் தலைவலின்னு நெனைக்காதீங்க. கடலூர்க்காரங்களுக்கு பக்கத்து வீட்டு விசயம். கடலூர்ல இருந்து பாண்டி பஸ் ஏறினா ரெட்டிச்சாவடி தாண்டி முள்ளோடை வரும். இன்னிக்கு அந்த எல்லை எதுக்கு ஃபேமஸ்ன்னு சொல்ல வேண்டியதில்ல, ஹி ஹி. ஆனா 1954 நவம்பர் 1 வரைக்கும் அதுக்கு அந்தப் பக்கம் பிரெஞ்சு ஆட்சி.

அன்னிக்கு நிர்வாகம் மட்டும்தான் கை மாறுச்சு. ஒப்பந்தம் 1956 மே 28-ல கையெழுத்தாகி, 1962 ஆகஸ்ட் 16-லதான் அமலுக்கு வந்துச்சு. அங்க பொறந்து அங்கயே இருந்தவங்க பொதுவா இந்தியக் குடிமக்கள் ஆனாங்க. பிரெஞ்சுக் குடியுரிமையே வேணும்னா ஆறு மாசத்துக்குள்ள எழுதிக் குடுக்கணும். சில ஆயிரம் பேர் எழுதிக் குடுத்தாங்க. பிரெஞ்சு ராணுவத்துல இருந்து பென்ஷன் வாங்கினவங்க, அந்த அரசாங்கத்துல வேலை பாத்தவங்க நெறைய. ஊர்ல 'சொல்தா' வீடுன்னு சொல்லுவாங்க. சிப்பாய்க்கான பிரெஞ்சு வார்த்தை அப்படியே நம்ம வாயில நின்னுடுச்சு.

கூடப் படிச்ச ஒருத்தன் அப்படி ஒரு வீட்டுப் பையன். தாத்தா ஒரு கையெழுத்து போட்டாரு, பேரன் வரைக்கும் பிரெஞ்சுக்காரன். பாண்டியில உக்காந்துக்கிட்டே பிரான்ஸ் ஜனாதிபதி தேர்தலுக்கு ஓட்டு போடுறாங்க, புதுச்சேரி சட்டசபைக்கு ஓட்டு கிடையாது. பிரான்ஸ் சட்டம் ரெண்டு குடியுரிமைய அனுமதிக்குது, இந்தியச் சட்டம் அனுமதிக்கல. அதனால பொறந்து வளர்ந்த ஊர்ல இருக்குறதுக்கு அவங்களுக்கும் ஓசிஐதான். ஓசிஐ யாருக்குங்கற சட்டப் பிரிவுல, 1947 ஆகஸ்ட் 15-க்கு அப்புறம் இந்தியாவோட சேர்ந்த பகுதியச் சேர்ந்தவங்கன்னு தனியா ஒரு வரி இருக்கு. முள்ளோடைக்கு அந்தப் பக்கத்து ஆளுங்க அந்த வரிக்குள்ளதான் வர்றாங்க.

அவன் சொல்லுவான், "டேய், நாங்க எங்கயும் போகல. கோடுதான்டா மேல வந்து போச்சு." அக்கா கோட்டத் தாண்டிப் போனாங்க, இவங்க மேல கோடு தாண்டிப் போச்சு. கவுண்டர்ல ரெண்டு பேருக்கும் ஒரே கேள்விதான்.

ரெண்டு பாஸ்போர்ட் வெச்சிருக்கவே முடியுற நாடுகள்ல

அனுமதி இருந்தா நிம்மதின்னும் சொல்ல முடியாது. இலங்கையில 1987-ல இருந்தே இரட்டைக் குடியுரிமைக்கு சட்டத்துல வழி இருக்கு. கனடாவுல, லண்டன்ல இருக்குற ஈழத்தமிழர்கள்ல பலபேர் அப்படி வாங்கியிருக்காங்க. ஆனா கனடா 2016 நவம்பர்ல இருந்து, கனடியக் குடிமகன் கனடாவுக்கு விமானம் ஏறணும்னா கனடா பாஸ்போர்ட் காட்டணும்ன்னு கறார் பண்ணிடுச்சு. இன்னொரு நாட்டு பாஸ்போர்ட்ட மட்டும் காட்டி ஏற முடியாது (அமெரிக்க பாஸ்போர்ட்டுக்கு மட்டும் விலக்கு). பிரிட்டனும் 2026 பிப்ரவரி 25-ல இருந்து அதே வழிக்கு வந்துடுச்சு. பிரிட்டிஷ் பாஸ்போர்ட் இல்லன்னா, இன்னொரு பாஸ்போர்ட்ல 589 பவுண்டு கட்டி உரிமைச் சான்று வாங்கணும். லண்டன்ல பொறந்து அப்பா அம்மா நாட்டு பாஸ்போர்ட்லயே போயிட்டு வந்துட்டு இருந்தவங்க நெறைய பேரு. சொந்த நாட்டுக்கு திரும்பப் போக கவுண்டர்ல அனுமதி கேக்குற நெலம.

நம்ம ஊர்ல சில பேரு இன்னொரு வேல பண்றாங்க. குடியுரிமை மாறின பிறகும் தேதி முடியாத இந்திய பாஸ்போர்ட்ட வெச்சுக்கிட்டு, "இன்னும் நாலு வருசம் இருக்கே, ஓட்டிடலாம்"ன்னு. வேணாங்க. சென்னையில வெளிய போகும்போது, இந்திய பாஸ்போர்ட்டக் காட்டினா விசா எங்கன்னு கேப்பாங்க. விசாவுக்கு பதிலா அமெரிக்க பாஸ்போர்ட்ட நீட்டினா அங்கயே மாட்டிக்கிட்டீங்க. அந்த பாஸ்போர்ட்ட சரண்டர் பண்ணி சான்று வாங்கினாத்தான் ஓசிஐக்கே விண்ணப்பிக்க முடியும். மூணு வருசத்துக்கு மேல வெச்சிருந்தா அபராதமும் உண்டு.

இனிஷியல் தலைவலி தனி. நம்ம ஆளுங்க பலபேருக்கு சர்நேம்ன்னு ஒண்ணு கிடையாது. ஒரு பாஸ்போர்ட்ல இனிஷியல், அடுத்ததுல அப்பா பேரு, கல்யாணத்துக்கு அப்புறம் புருசன் பேரு. ஒரே பேரு மட்டும் இருந்தா அமெரிக்க விசாவுல முன்பெயர் தெரியாதுங்கற அர்த்தத்துல 'எஃப்என்யூ'ன்னு அடிச்சுக் குடுத்துடுவாங்க. பாஸ்போர்ட்டும் ஓசிஐயும் டிக்கெட்டும் மூணு பேர சொன்னா கவுண்டர்ல நந்தி மாதிரி குறுக்க நிப்பாங்க.

வீட்டுல யாருக்காவது உதவும்

1. புது பாஸ்போர்ட் வாங்கினா மூணு மாசத்துக்குள்ள ஓசிஐ தளத்துல ஏத்திடுங்க. 20 வயசு தாண்டி எடுக்குற முதல் பாஸ்போர்ட்டுக்கு கார்டையே மாத்தணும்.

2. பழைய பாஸ்போர்ட் இப்போ கட்டாயம் இல்ல. இருந்தாலும் தூக்கிப் போடாதீங்க. லாக்கர்ல வைக்காம வீட்டுல, கைக்கு எட்டுற இடத்துல வைங்க. கவுண்டர்ல இருக்குறவருக்கு புது விதி தெரியலன்னா, வாதாடுறத விட எடுத்துக் காட்டுறது சுலபம்.

3. ஓசிஐ கார்டு மறக்கக் கூடாது. அது இல்லன்னா நீங்க வெறும் விசா இல்லாத வெளிநாட்டுக்காரர்.

4. ரெண்டு குடியுரிமையும் அனுமதிக்குற நாட்டுக்காரர்ன்னா, போற நாட்டோட பாஸ்போர்ட்ட விமான கம்பெனிக்கும், எதுல உள்ள வந்தீங்களோ அத இமிக்ரேஷனுக்கும் காட்டுங்க. டிக்கெட்ல பேரு ரெண்டுக்கும் பொருந்தணும்.

5. அப்பா அம்மா வயசானவங்கன்னா, எல்லா பேப்பரையும் ஒரே பையில போட்டு இன்னிக்கே ரெடியா வைங்க. கூடவே விதி அச்சான அரசாங்கப் பக்கம் ஒரு காப்பி. போன் வந்த பிறகு தேட நேரம் இருக்காது.

நல்லதையும் சொல்லணும்ல. 2025 ஜனவரியில இருந்து சென்னை ஏர்போர்ட்லயும் முன்கூட்டி பதிஞ்சவங்களுக்கு தானியங்கி கேட் வந்துடுச்சு. இந்தியர்களுக்கும் ஓசிஐக்காரங்களுக்கும் அது ஒண்ணுதான்.

அக்கா பொண்ணுக்கு இப்போ இருபது முடிஞ்சுது. புது பாஸ்போர்ட், புது ஓசிஐ எல்லாம் முறையா எடுத்துட்டு, போன மார்கழிக்கு தனியாவே சிதம்பரம் வந்துட்டுப் போச்சு. இருந்த நாள்ல ஒரு மத்தியானம் பெரியம்மா பீரோவ கொடஞ்சுட்டு இருந்தப்போ, அக்காவோட பழைய இந்திய பாஸ்போர்ட் கெடச்சுது. ரத்து முத்திரை குத்தி திருப்பிக் குடுத்தது. பொண்ணு தன் அம்மாவோட அமெரிக்க பாஸ்போர்ட் படத்த போன்ல எடுத்து பக்கத்துல வெச்சுப் பாத்துச்சு. அமெரிக்க பாஸ்போர்ட்ல வெளிநாட்டுல பொறந்தவங்களுக்கு நாட்டுப் பேரு மட்டும்தான் போடுவாங்க. பிறந்த இடம்: இந்தியா. ரத்தானதுல மட்டும்தான் ஊரு பேரு இருந்துச்சு, சிதம்பரம்ன்னு.

"இத நான் எடுத்துட்டுப் போகவா பாட்டி?"ன்னு கேட்டுச்சு.

பெரியம்மா குடுக்கல :-)

டிஸ்கி: நான் வக்கீல் இல்ல, பொட்டி தட்டுறவன். இந்த விதிகள் அடிக்கடி மாறுற சமாச்சாரம். டிக்கெட் போடுறதுக்கு முன்னாடி ஒரு தடவ தூதரகப் பக்கத்தையும் விமான கம்பெனியையும் கேட்டுக்கோங்க. உங்க வீட்டுல யாராவது கவுண்டர்ல மாட்டின கதை இருந்தா பின்னூட்டத்துல எழுதுங்க. படிக்குற இன்னொருத்தருக்கு நேரத்துக்கு ஊர் போய்ச் சேர உதவும்.